மகப்பேறின்மையும் விந்தைப் புதினமும்

1. ஆய்வுப் பொருள்

ஆசிரியர் ஒருவர் தம் வாழ்வில் நுகர்ந்த துன்பத்தை இலக்கியமாக்குதல் உலகியல்பு. காதற்பிரிவு, வறுமை, நாடிழத்தல், உற்றாரை இழத்தல் முதலியன எல்லா மொழிகளிலும் பாடுபொருளாகியுள்ளன. மகப்பேறின்மை என்னும் துன்பம் இவற்றினின்றும் ஒருவாற்றான் வேறுபட்டது. பிற துன்பங்களில், இழந்த பொருள் முன்னர் ஒருகால் இருந்தது. அதன் பெயரும் வடிவும் நெஞ்சில் நிற்கும். மகப்பேறின்மையிலோ இழந்த பொருள் என்றும் இருந்ததில்லை. பிறவாத குழந்தைக்கு முகம் இல்லை, பெயர் இல்லை, நினைவுநாளும் இல்லை. இல்லாத ஒன்றிற்கு இரங்கும் இத்துன்பத்தைச் சொல்லப் புகுவோர் கற்பனையின் துணையை நாடுதல் இயல்பேயாம்.

இத்துன்பம் அரிதாக நிகழ்வதும் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, வயதுவந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 17.5 பேர், அஃதாவது ஆறு பேரில் ஒருவர், தம் வாழ்நாளில் மகப்பேறின்மையை எதிர்கொள்கின்றனர் எனக் கணக்கிட்டது. இத்துணைப் பலரைத் தாக்கும் துன்பம் பெரியோர் படிக்கும் நாவல்களில் இடம்பெறுதல் எளிது. தமிழிலும் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இப்பொருளைக் கொண்டதே. ஆயின் அதே துன்பத்தை இளையோர்க்குரிய விந்தைப் புதினமாக எழுத ஒருவர் விழைவாராயின், ஆங்கு ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பன்னிரண்டு முதல் பதினாறு ஆண்டு வரை அகவையுடைய படிப்போர் பிள்ளை வேண்டி ஏங்கியவர் அல்லர், அவர்களே பிள்ளைகள். தாம் நுகராத ஏக்கத்தை அவர்கள் உணருமாறு செய்வது எங்ஙனம்? ஆசிரியரின் தன்துயர், படிப்போரின் உணர்வாக மாறும் வழி யாது? இவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சான்றாக, ஸ்காட்லாந்து நாட்டில் 1860-இல் பிறந்து 1937-இல் மறைந்த ஜே. எம். பேரி என்பாரின் நூல்களை எடுத்துக்கொள்வோம். பீட்டர் பான் என்னும் வளராச் சிறுவனைப் படைத்தவர் இவரே. அச்சிறுவன் குழந்தையின்மை பற்றிய நாவல் ஒன்றினுள்ளே முதன்முதல் தோன்றினான் என்பதைப் பலரும் கருதிப் பார்ப்பதில்லை. 1902-இல் வெளிவந்த ‘சிறிய வெண்பறவை’, அதன் ஆறு இயல்களைப் பிரித்து 1906-இல் வெளியிட்ட ‘கென்சிங்டன் தோட்டத்தில் பீட்டர் பான்’, 1911-இல் வெளிவந்த ‘பீட்டரும் வெண்டியும்’ ஆகிய மூன்றையும் கால முறையில் வைத்துப் படிப்போர், ஒரு துயர் படிப்படியே உருமாறி இளையோர் இலக்கியமான வரலாற்றைக் காணலாம்.

2. பழங்கதை மரபு

மகவில்லாப் பெற்றோர் பழங்கதைகட்குப் புதியவர் அல்லர். கிரிம் உடன்பிறப்பாளர் தொகுத்த செருமானியக் கதைகளுள் ராபுன்சல் கதை, நெடுங்காலம் மகவின்றி வருந்திய கணவன் மனைவியரோடு தொடங்குகின்றது. டென்மார்க்கு நாட்டு ஆண்டர்சன் 1835-இல் வெளியிட்ட கட்டைவிரற் பெண்ணின் கதையில், குழந்தை வேண்டிய பெண்ணொருத்தி சூனியக்காரியிடம் சென்று விதை பெறுகின்றாள். அவ்விதையினின்று மலர்ந்த பூவில் சிறுமி தோன்றுகின்றாள். சப்பானியரின் பழங்கதையாகிய மூங்கில் வெட்டுவோன் கதையில், முதியவன் ஒளிவிடும் மூங்கிலினுள்ளே பெண்மகவு ஒன்றைக் கண்டெடுத்து மனைவியோடு வளர்க்கின்றான். அவள் இறுதியில் நிலவுலகிற்கே மீள்கின்றாள்.

இக்கதைகளை உற்றுநோக்கின் ஓர் ஒற்றுமை புலனாகும். மூங்கில் வெட்டுவோன் கதை ஒழிந்த ஏனையவற்றில், மகவின்மை கதைக்கு வாயிலாக மட்டும் அமைகின்றது. வாயிலைக் கடந்தபின் அதனைத் திரும்பிப் பார்ப்பார் இல்லை. ஆண்டர்சன் கதையில் தேரை ஒன்று சிறுமியைத் தூக்கிச் சென்றபின், அவளை வேண்டிப் பெற்ற தாய் என்னானாள் என்பது கூறப்படவே இல்லை. ராபுன்சலின் பெற்றோர் நிலையும் அதுவே. குழந்தை வந்தது, துன்பம் தீர்ந்தது, இனிக் கதை குழந்தையுடையது என்னும் போக்கே யாண்டும் காணப்படும். பெரும்பாலான பழங்கதைகளில் மகவின்மை தீர்த்தற்குரிய குறையாக உளதேயன்றி, வாழ்ந்து கழிக்கும் நிலையாக இல்லை.

வேண்டியோர்க்கெல்லாம் மகவு வாய்க்கும் என்பது வாழ்வின் நடைமுறை ஆகாது. வேண்டியும் பெறாதவர்க்கு இக்கதைகள் ஆறுதல் தாரா. மாறாக, வேண்டிய முறை பிழைத்ததோ என்னும் ஐயத்தையே விளைக்கும். பேரி இம்மரபினின்றும் விலகியவர் என்பதை இனிக் காண்போம்.

3. ஆசிரியர் வாழ்வு

பேரி 1894-இல் மேரி ஆன்செல் என்னும் நடிகையை மணந்தார். அம்மணம் 1909-இல் முறிந்தது. அப்பதினைந்தாண்டுக் காலத்தில் அவர்கட்கு மகவு இல்லை. இதன் காரணம் குறித்துப் பின்னையோர் பலவாறு எழுதினர். அதனைத் துருவி ஆராய்தல் திறனாய்வாளர் கடன் அன்று. மகவின்மை உற்றமையும், அது நூலில் இடம்பெற்றமையும் நமக்குப் போதியன.

இலண்டனில் தம் இல்லத்தை அடுத்திருந்த கென்சிங்டன் தோட்டத்தில், போர்த்தோசு என்னும் பெருநாயோடு உலவுதல் பேரியின் வழக்கம். ஆங்கு லூவலின் டேவிசு குடும்பத்துச் சிறுவர்களோடு அவர்க்கு நட்பு உண்டாயிற்று. அச்சிறுவர்கள் ஐவர்க்கும் கூறிய கதைகளும் அவர்களோடு ஆடிய ஆட்டங்களுமே பீட்டர் பான் கதைக்கு வித்தாயின என்பது அவரே கூறிய செய்தி. அச்சிறுவர்களின் தந்தை 1907-இலும் தாய் 1910-இலும் இறந்தபின், பேரியே அவர்கட்குப் பாதுகாவலர் ஆயினார். ஆயின் ‘சிறிய வெண்பறவை’ எழுதப்பெற்ற காலத்தில் அவர் பிறர் பிள்ளைகளைத் தோட்டத்தில் கண்டு மகிழும் மகவிலார் ஒருவராகவே இருந்தார் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

4. திமொத்தி என்னும் இல்லாத மகன்

‘சிறிய வெண்பறவை’ பெரியோர்க்கென எழுதப்பெற்ற நாவல். அதனைக் கூறுபவர் ஓய்வுபெற்ற படைத்தலைவர், மணமாகாதவர், முழுப்பெயர் கூறப்பெறாதவர். அவர் தம் மன்றத்தின் சாளரத்தருகே அமர்ந்து, தெருவிற் செல்லும் இளம்பெண் ஒருத்தியையும் அவளை விரும்பும் ஓவியனையும் காண்கின்றார். அவர்தம் காதல் நிறைவேற மறைவில் துணை செய்கின்றார். அவர்கட்கு டேவிட் என்னும் மகன் பிறக்கும் இரவில், தெருவில் கலங்கி நிற்கும் ஓவியனைக் காண்கின்றார். தாம் அங்கு நிற்பதற்குக் காரணம் கூறவேண்டி, தமக்கும் ஒரு மகவு பிறக்கும் வேளை அது என்று பொய்யுரைக்கின்றார். அப்பொய்யிற் பிறந்த மகனே திமொத்தி.

இப்பொய் நகைச்சுவைக்கெனத் தொடங்கியதாயினும் அவ்வளவில் நிற்கவில்லை. திமொத்தியின் வளர்ச்சியைக் குறித்து ஓவியனோடு உரையாட வேண்டிய நிலை எழுகின்றது. இல்லாத மகன் நாளடைவில் கூறுவோர் நெஞ்சில் உள்ளவனாகின்றான். பின்னர் டேவிட்டின் பெற்றோர் வறுமையுற்றதை அறிந்த படைத்தலைவர், அவர்கட்கு உதவ எண்ணுகின்றார். வெளிப்படையாகக் கொடுப்பின் அவர்கள் ஏலார். ஆதலின், திமொத்தி இறந்துவிட்டான் என்று கூறி, அவனுடைய ஆடைகள் இனிப் பயன்படா என்னும் வாயிலாக டேவிட்டுக்கு ஆடைகளை அனுப்புகின்றார்.

இப்பகுதியே நாவலின் உயிர்நிலை என்பது எம் கருத்து. என்றும் பிறவாத மகன் ஒருவனைப் பிறந்தவனாக்கி, பின் பிறர் மகன் பொருட்டு இறந்தவனாக்குகின்றார் ஒருவர். மகவின்மைத் துயருக்கு இறப்பு ஒன்றை ஏற்படுத்தித் தருகின்றார் என்று இதனைக் கொள்ளலாம். முன்னர்க் கூறியவாறு, பிறவாத மகவிற்கு நினைவுநாள் இல்லை. அழுவதற்கு ஓரிடம் இல்லை. பொய்யாய்ப் பிறந்து பொய்யாய் இறந்ததனால் திமொத்திக்கு அவை கிடைத்தன. கென்சிங்டன் தோட்டத்தில் ஒருமுறையேனும் ஆடாமல் அவன் செல்கின்றானே என்று படைத்தலைவர் வருந்தும் இடம், நகைச்சுவை முற்றும் நீங்கி அவலமாகி நிற்றல் காண்க.

நூலின் இறுதியில், டேவிட்டின் தாய் அந்நூலைப் படித்துவிட்டு, இது தன்னையும் தன் மக்களையும் பற்றியது அன்று, முழுவதும் திமொத்தியைப் பற்றியதே என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். நூலின் உட்பொருளை ஆசிரியர் தம் பாத்திரத்தின் வாயிலாகவே உணர்த்திவிட்டார். அத்தாயின் பெயர் மேரி என்பதும், பெயரின் பிற்பகுதி ஒரே எழுத்தாற் சுட்டப்பெற்று, அவ்வெழுத்து பேரியின் மனைவி பெயரின் எழுத்தோடு ஒத்திருப்பதும் கருதத்தக்கன. வாழ்வில் தாயாகாத ஒருவர் பெயர், நூலில் தாய்க்கு வழங்கப்பெற்றுள்ளது.

5. காகத்தின் தீவு

இந்நாவலின் நடுவே, படைத்தலைவர் டேவிட்டுக்குக் கூறும் கதையாகப் பீட்டர் பான் இயல்கள் வருகின்றன. அக்கதையின்படி, குழந்தைகள் யாவரும் மனிதராகுமுன் பறவைகளாக இருந்தவர்கள். கென்சிங்டன் தோட்டத்திற்கு அணித்தாகிய பாம்பேரியின் நடுவே பறவைகளின் தீவு உளது. சாலமன் என்னும் முதிய காகம் அத்தீவின் தலைமை பூண்டது. குழந்தை வேண்டுவோர் அதற்கு மடல் எழுதுவர். அஃது உரிய பறவையைத் தேர்ந்து அனுப்பும்.

இக்காகத்தின் இயல்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மடல் அதற்குப் பிடித்திருப்பின் நல்லதொன்றை அனுப்பும். எரிச்சலூட்டின் விந்தையானவற்றை அனுப்பும். ஆண்மகவே வேண்டுமென்று வற்புறுத்தினால் பெண்மகவை அனுப்பும். சிலபோது ஒன்றையும் அனுப்பாது. சிலபோது ஒரு கூடு நிறைய அனுப்பும். எல்லாம் அதன் மனநிலையைப் பொறுத்தது என்று கதை கூறுகின்றது.

ஒன்றும் அனுப்பாமல் இருத்தலும் உண்டு என்னும் அச்சிறு குறிப்பைச் சிறுவர் நகைத்துக் கடந்துசெல்வர். பெரியோர் ஆங்கே சற்று நிற்பர். மகவின்மைக்கு ஊழ்வினை, தெய்வக் குற்றம், பெண்ணின் குறை எனக் காரணம் கற்பித்தல் பல நாடுகளிலும் காணப்படுவது. மலடி என்னும் சொல்லின் கொடுமையை நாம் அறிவோம். பேரியின் விந்தையுலகில் இக்காரணங்களுள் ஒன்றும் இல்லை. மகவு பெற்றோர் தகுதியால் பெற்றாரல்லர். பெறாதோர் தகவின்மையால் இழந்தாரல்லர். ஒரு கிழக்காகத்தின் மனநிலை அன்று அவ்வாறிருந்தது, அவ்வளவே. துன்புற்றோர்மேல் பழி ஏற்றாத காரணம் ஒன்றைச் சிறுவர் கதையின் எளிமையோடு அமைத்துக் காட்டியது பேரியின் பெருந்திறன் எனலாம். மடல் எழுதிய முறை பிழைத்ததோ என்று ஏங்குவார்க்கு, பிழை மடலில் இல்லை என்று கூறும் கதை இது.

6. மூடிய சாளரம்

பீட்டர் பிறந்த ஏழாம் நாள், தான் பறவையாக இருந்ததை மறவாமல், கம்பியிடப்பெறாத சாளரத்தின் வழியே பறந்து தீவை அடைகின்றான். அவன் மனிதனும் அல்லன், பறவையும் அல்லன், இரண்டிற்கும் இடைப்பட்டவன் என்று சாலமன் அவனுக்கு உணர்த்துகின்றது. பின்னர் அவன் வீடு மீள விரும்புகின்றான். முதன்முறை செல்லும்போது சாளரம் திறந்திருக்கின்றது. தாய் துயரம் தோய்ந்த முகத்தோடு உறங்குகின்றாள். அவளை எழுப்பாமல், மீண்டும் வருவோம் என்னும் துணிவோடு தோட்டம் திரும்புகின்றான், நாள்கள் கழிகின்றன. இரண்டாம் முறை வரும்போது சாளரத்தில் இரும்புக் கம்பிகள் இடப்பெற்றுள்ளன. உள்ளே தாய் வேறொரு குழந்தையை அணைத்து உறங்குகின்றாள். பீட்டர் அழைத்தும் அவள் கேளாள். அவன் விம்மியழுது தோட்டத்திற்கே மீள்கின்றான்.

சாளரக் கம்பி என்னும் இப்பொருளின் மாற்றத்தை நோக்குக. குழந்தைகள் தாம் சிறகிழந்ததை மறந்து பறந்துவிடலாகாது என்பதற்காகவே வீட்டுச் சாளரங்கட்குக் கம்பியிடுவர் என ‘சிறிய வெண்பறவை’ கூறுகின்றது. உள்ளே உள்ள குழந்தையைக் காக்க இட்ட கம்பியே, வெளியே உள்ள குழந்தையைத் தடுக்கும் கம்பியாகிவிடுகின்றது. பிள்ளைபெற்ற இல்லத்தின் இன்பமும் பிள்ளையிலார் துன்பமும் ஒரே கம்பியின் இருபுறங்களாக அமைந்தன.

7. இடமாற்றம்

இனி, முன்னர் எழுப்பிய வினாவிற்கு விடை காணலாம். படைத்தலைவர் ஒரு சாளரத்தருகே அமர்ந்து பிறர் வாழ்வைக் கண்டவர். பீட்டர் ஒரு சாளரத்தின் வெளியே நின்று பிறர் வாழ்வைக் கண்டவன். இருவரும் ஓர் இல்லத்தின் அன்பினுட் புகமுடியாதவர்கள். ஆயின் முன்னவர்க்கு இல்லாதது மகவு. பின்னவனுக்கு இல்லாதது தாய். மகவில்லாப் பெரியோரின் ஏக்கம், தாயில்லாச் சிறுவனின் ஏக்கமாக இடம் மாறிற்று. இவ்விடமாற்றத்தினாலேயே அது இளையோர் நெஞ்சில் புகுந்தது. பிள்ளை வேண்டி ஏங்குதலைச் சிறுவர் அறியார். ஆயின் தாய் தன்னை மறந்து கதவடைத்துவிடுவாளோ என்னும் அச்சம் அவர்கள் யாவரும் அறிந்ததே. ஆசிரியர் தம் துயரைச் சிறுவர்க்கு விளக்க முயன்றிலர். சிறுவர் முன்னரே அறிந்த துயர் ஒன்றினுள் அதனைக் குடியேற்றினார்.

தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு இதனை மேலும் தெளியலாம். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் சுட்டின் அஃது ஒருவர் வரலாறாகச் சுருங்கும். சுட்டாதவிடத்து எல்லார்க்கும் உரிய உணர்வாக விரியும். தன்துயரை எழுதுவோர்க்கு இந்நெறி பெரிதும் பயன்படும். அகப்பாடல்களில் தலைவியின் துயர் நேரே கூறப்படாமல், நிலத்தின் கருப்பொருள்களாகிய பறவை, மரம், நீர் முதலியவற்றில் உள்ளுறையாக ஏறி நிற்றலையும் நாம் அறிவோம். பேரியின் நூலில் பாம்பேரியும், பறவைத் தீவும், மடல் பெறும் காகமும் அவ்வாறே நிற்கின்றன. பேரி தமிழ்நெறியை அறிந்தவர் அல்லர். ஆயினும் தன்துயர் பொதுத்துயராதற்குரிய வழி எம்மொழிக்கும் ஒன்றே என்பதற்கு இவ்வொப்புமை சான்றாகின்றது.

8. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

பீட்டர் பானின் பிறப்பிற்கு வேறொரு காரணம் கூறுவாரும் உளர். பேரி ஆறு வயதினராக இருந்தபோது, 1867-இல், அவர்தம் தமையன் டேவிட், பனிக்கட்டியில் சறுக்கி ஆடும்போது நேர்ந்த விபத்தில் இறந்தான். பதினான்கு வயது நிரம்புமுன் இறந்த அவனைத் தாய் என்றும் சிறுவனாகவே நினைந்து ஏங்கினாள். இதனைப் பேரியே தம் தாயைப் பற்றி 1896-இல் எழுதிய நூலில் கூறியுள்ளார். வளராச் சிறுவனின் மூலம் அத்தமையனே. மகவின்மைக்கு ஈண்டு இடமில்லை என்பது அவர்தம் வாதம்.

தமையன் இறப்பு வளராமை என்னும் கூற்றிற்கு மூலமாதலை மறுத்தற்கில்லை. நூலில் உள்ள சிறுவனுக்கும் டேவிட் என்னும் பெயரே இடப்பெற்றுள்ளது. ஆயின் அந்நிகழ்ச்சி கொண்டு திமொத்தியை விளக்க இயலாது; மடல் பெறும் காகத்தையும் விளக்க இயலாது. இறந்த சிறுவனுக்கு இரங்குதல் வேறு. பிறவாத சிறுவனுக்கு இரங்குதல் வேறு. பேரி இளமையில் முன்னதைக் கண்டார். பின்னாளில் பின்னதை நுகர்ந்தார். தாய் தன் இறந்த மகனுக்காக ஏங்கியதை அருகிருந்து கண்ட சிறுவன், வளர்ந்தபின் தான் அடையாத மகனுக்காக ஏங்கும்போது, இரு துயரும் ஒரே சாளரத்தில் வந்து கூடுதல் இயல்பே. ஒரு படைப்பிற்கு ஒரே மூலம் காணவேண்டும் என்னும் வேட்கை திறனாய்வைக் குறுக்கிவிடும்.

9. திறந்த சாளரம்

பீட்டர் பான் நாடகம் 1904 திசம்பர் 27-இல் இலண்டனில் முதன்முதல் அரங்கேறியது. அதன் கதையை விரித்து எழுதியதே ‘பீட்டரும் வெண்டியும்’. இதன்கண் காகமும் தீவும் இல்லை. அவற்றின் இடத்தில் எங்குமில்லா நாடும், தள்ளுவண்டியினின்று வீழ்ந்து எவராலும் தேடப்படாத சிறுவர்களும் வருகின்றனர். வெண்டி அவர்கட்குத் தாயாகவும் பீட்டர் தந்தையாகவும் நடிக்கின்றனர். ஒருபோது பீட்டர் கலங்கி, தான் தந்தை என்பது விளையாட்டிற்காக மட்டுந்தானே என்று கேட்டுத் தெளிகின்றான். திமொத்திக்குத் தந்தையாக நடித்த படைத்தலைவர், அந்நடிப்பு மெய்யாகாதோ என்று ஏங்கினார்; பீட்டரோ, நடிப்பு மெய்யாகிவிடுமோ என்று அஞ்சுகின்றான். ஒரே நடிப்பு இரண்டு நூல்களிலும் எதிரெதிர் உணர்வுகளை எழுப்புதல் காண்க.

இந்நூலின் உச்சநிலை கடற்கொள்ளைத் தலைவனோடு நிகழ்ந்த போர் எனப் பலர் கருதுவர். எமக்கு அது வேறிடத்தில் உளது. வெண்டி தன் தம்பியரோடு வீடு திரும்பும்போது, பீட்டர் முன்னரே விரைந்து சென்று சாளரத்தை அடைத்துவிடுகின்றான். தாய் தன்னை வெளியே நிறுத்திவிட்டாள் என்று வெண்டி கருதித் தன்னோடு மீண்டும் வருவாள் என்பது அவன் சூழ்ச்சி. தான் உற்ற துன்பத்தையே பிறர்க்கு இழைக்கத் துணிகின்றான். ஆயின் உள்ளே திருமதி டார்லிங் கண்ணீரோடு இருத்தலைக் காண்கின்றான். அவனுக்கும் வெண்டியின்மேல் விருப்பம் உண்டு. அவளுக்கும் வெண்டியின்மேல் விருப்பம் உண்டு. வெண்டியை இருவரும் பெறல் இயலாது. நெடிது போராடி, இறுதியில் அவனே சாளரத்தைத் திறந்துவிட்டுப் பறந்து செல்கின்றான்.

இதனை ‘சிறிய வெண்பறவை’யோடு ஒப்பிடுக. அந்நூலில் படைத்தலைவர், டேவிட்டின் அன்பைத் தாயினிடமிருந்து பிரித்துத் தமக்கே உரியதாக்க முயல்வதைத் தாமே கூறுகின்றார். பிறர் மகவைத் தமதாக்கும் அவ்வேட்கை, படிப்போர்க்கு, சிறப்பாக இக்காலத்தார்க்கு, உறுத்தலை விளைப்பது. மகவின்மைத் துயரின் இருண்ட பக்கத்தை மறையாது காட்டிய நேர்மை அதற்கு உண்டு. ஆயினும் அதனைக் கடந்துசெல்லும் வழி அந்நூலில் தெளிவாக அமையவில்லை. ஒன்பது ஆண்டுகட்குப்பின் எழுந்த இளையோர் நூலில், அதே வேட்கை ஒரு சிறுவன் செயலாக வந்து, அவன் கையாலேயே துறக்கப்படுகின்றது. தான் என்றும் பெறமுடியாத இன்பத்தை மற்றவர் பெறுமாறு சாளரத்தைத் திறந்துவிடுதலே அத்துறவு. மகிழ்ச்சியோடு கூடும் அக்குடும்பத்தைப் பீட்டர் வெளியே நின்று காண்கின்றான். அவனையும் மகனாக ஏற்பதாகத் திருமதி டார்லிங் கூறியும் அவன் உடன்படவில்லை.

பழங்கதையாயின் ஈண்டுப் பீட்டருக்குத் தாய் கிடைத்திருப்பாள். பேரி அதனைத் தரவில்லை. ஏக்கம் தீராமலே ஏக்கமுற்றவன் உயர்கின்றான். இதுவே இந்நூலின் வாய்மை.

10. குறைகள்

நிறைகளைக் கூறிய நாம் குறைகளையும் கூறல் வேண்டும். பேரியின் நூல்களில் தாய்மை மிகையாக உயர்த்தப்படுகின்றது. பெண் என்பவள் தாயாகவோ, தாயாக நடிப்பவளாகவோ மட்டும் காணப்படுகின்றாள். வெண்டி வளர்ந்து சேன் என்னும் மகளைப் பெறுகின்றாள். அவள் மார்கரெட் என்னும் மகளைப் பெறுகின்றாள். பீட்டர் ஒவ்வொரு தலைமுறையிலும் வந்து சிறுமியை அழைத்துச் செல்கின்றான். மகவு பெறாத பெண்ணிற்கு அத்தொடரில் இடம் யாது? பேரி ஆணின் ஏக்கத்தைக் கூறினார்; அவர் மனைவியின் ஏக்கம் எத்தகையது என்பதற்கு இந்நூல்களில் குரல் இல்லை. உலகின் பழி பெரும்பாலும் பெண்ணையே சாரும் ஒரு பொருளில், இஃது ஒரு பெருங்குறையே. பல நாட்டுக் கதைகளிலும் பிள்ளையில்லாப் பெண் சூனியக்காரியாகவோ கொடிய மாற்றாந்தாயாகவோ சித்திரிக்கப்பெறுதல் மிகுதி. அதனை மாற்றும் பணி பேரிக்குப் பின்வந்தோர்க்கே எஞ்சியது.

11. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: மகப்பேறின்மையை நேரே கூறிய நூல் பெரியோர் நூலாகவே நின்றது. அத்துயரைத் தாயில்லாச் சிறுவனின் துயராக இடம்மாற்றியபோது அது இளையோர் நூலாயிற்று. அவ்விடமாற்றம் துயரை மறைத்தல் ஆகாது. சிறுவர் நின்று காணக்கூடிய பக்கத்திற்கு அதனைத் திருப்பி வைத்தலே ஆகும். விந்தைப் புனைவில் மந்திரத்தால் மகவு தருதல் எளிது. அவ்வாறு தருதல் துன்புற்றோரைக் கைவிடுதற்கு ஒப்பாகும். வேண்டியது கிடையாத நிலையிலும் ஒருவர் பிறர்க்குச் சாளரம் திறத்தல் கூடும் என்று காட்டுவதே அப்புனைவின் அரிய பணி.

பீட்டர் பானின் உரிமை முழுவதையும் பேரி 1929-இல் இலண்டன் கிரேட் ஆர்மண்டு தெருவிலுள்ள குழந்தைகள் மருத்துவமனைக்கு அளித்தார். காப்புரிமைக் காலம் முடிந்தபின்னும் அவ்வருவாய் அம்மருத்துவமனைக்கே சேருமாறு பிரித்தானியப் பாராளுமன்றம் 1988-இல் சட்டம் செய்தது. திமொத்தியின் ஆடைகள் பிறர் மகனுக்குச் சென்றன. பீட்டரின் பொருள் பிறர் மக்களுக்குச் செல்கின்றது.

தமிழில் இளையோர்க்கென எழுதும் புனைகதையாளர் இப்பொருளைக் கைக்கொள்வாராயின், பேரி தொடாது விட்ட பெண்ணின் பக்கத்தினின்று அதனைத் தொடங்குதல் நலம். நம் ஏரிகளிலும் பறவைகள் உள. நம் வீடுகளிலும் சாளரங்கள் உள. பிள்ளையில்லாப் பெண்ணைக் கண்டு அஞ்சாத, அவள்மேல் பழி ஏற்றாத விந்தைக் கதை ஒன்றைப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி படிப்பாளாயின், பின்னாளில் அவள் வாயில் மலடி என்னும் சொல் எளிதில் வாராது. இலக்கியத்தால் விளையும் பயன்களுள் அது சிறியது அன்று.